இன்டெல் பங்கு: இன்னும் 10 ஆண்டு வைத்திருக்கத் தகுந்ததா?

கல்லடிவாசி:

அனைவருக்கும் வணக்கம். கட்டாரில் பணிபுரியும் என் தம்பி 2024 டிசெம்பரில் கணினிச் சில்லுகள் (chips) செய்யும் அமெரிக்க நிறுவனமான இன்டெல்லின் பங்குகளை, ஒரு பங்கு ஏறத்தாழ 20 டொலர் வீதம், வாங்கினான். தலைமை நிறைவேற்று அதிகாரியாக இருந்த பட் கெல்சிங்கர் அந்த மாதத் தொடக்கத்தில்தான் விலகியிருந்தார். பங்கிலாபம் நிறுத்தப்பட்டிருந்தது. அமெரிக்கப் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் சுட்டெண்ணிலிருந்து இன்டெல்லை நீக்கி, போட்டிச் சில்லு நிறுவனமான என்விடியாவைச் சேர்த்தும் அதிக நாள் ஆகவில்லை. 2025 மூன்றாம் காலாண்டு அறிக்கை வெளிவந்திருக்கும் இவ்வேளையில் அந்தப் பங்கின் விலை ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கிறது.

அந்தப் பணம் அவனுடைய மகளின் மேற்படிப்புக்கென்று ஒதுக்கியது. பிள்ளை பல்கலைக்கழகம் போவதற்கு இன்னும் 10 ஆண்டு இருக்கிறது. விற்பதா, வைத்திருப்பதா என்று என்னிடம் கேட்கிறான். அடுத்த மாதம் விலை ஏறுமா, இறங்குமா என்பது எங்களுக்கு முக்கியமல்ல. இந்த நிறுவனம் 2035 இல் எப்படி இருக்கும் என்பதைத் தெரிந்தவர்கள் காரணத்தோடு எழுதினால் உதவியாக இருக்கும்.

ஒலுவில் பொறியியலாளன்:

கல்லடி அண்ணன், வைத்திருக்கலாம் என்பதே என் கருத்து. சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் இந்த நிறுவனம் எந்த இடத்தில் விழுந்தது என்று தெரியாமல் அது எழும்புமா என்று சொல்ல முடியாது.

1968 இல் தொடங்கிய இன்டெல், சில்லை வடிவமைப்பதையும் அதைத் தன் ஆலையிலேயே செய்வதையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தது. பல பத்தாண்டுகளாக அதன் பலமே அதுதான். 2016 அளவில் வந்திருக்க வேண்டிய, 10 நானோமீற்றர் எனப்படும் புதிய தலைமுறைத் தயாரிப்பு முறை 2019 இல்தான் பேரளவு உற்பத்திக்கு வந்தபோது அந்தப் பலம் பாரமாக மாறியது. அதி புறஊதா ஒளியால் சில்லில் கோடு வரையும் இயந்திரங்களை உலகத்திலேயே நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். மட்டும்தான் செய்கிறது. அந்த இயந்திரங்களின் ஆய்வுக்கு 2012 இல் பெரும்பணம் கொடுத்தவர்களில் இன்டெல்லும் ஒன்று. இருந்தும் தாய்வானின் சில்லு ஆலை நிறுவனமான டி.எஸ்.எம்.சி. 2019 இலேயே அவற்றைப் பேரளவில் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது, இன்டெல்லின் முதலாவது அத்தகைய சில்லோ 2023 டிசெம்பரில்தான் கடைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் அப்பிள் நிறுவனம் 2020 இல் தன் மடிக்கணினிகளுக்குத் தானே சில்லு வடிவமைத்து டி.எஸ்.எம்.சி.யிடம் செய்வித்துக்கொண்டது. இன்டெல்லின் போட்டியாளரான ஏ.எம்.டி.யும் அதே ஆலையின் துணையோடு சேர்வர் சந்தையில் இன்டெல்லின் இடத்தைப் பிடுங்கிக்கொண்டே வந்தது.

இன்றைய நிலை வேறு. 18ஏ என்ற புதிய தயாரிப்பு முறை அரிசோனாவில் உள்ள ஆலையில் உற்பத்திக்கு வந்துவிட்டது. சில்லில் உள்ள நுண்ணிய மின் ஆளிகளான டிரான்சிஸ்டர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் இணைப்புகளைச் சில்லின் பின்புறமாகக் கொண்டுவரும் நுட்பத்தைப் பேரளவு உற்பத்தியில் முதலில் இறக்கியது இன்டெல்தான், டி.எஸ்.எம்.சி. அல்ல. மின்னணுவியல் படித்தவன் என்ற முறையில் இதைச் சிறிய விடயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. பணம் போட்டவர்களையும் பாருங்கள். 2025 ஓகஸ்டில் அமெரிக்க அரசு ஒரு பங்கு 20.47 டொலர் வீதம் 8.9 பில்லியன் டொலருக்குப் பங்கு எடுத்தது. அதே மாதம் ஜப்பானின் சொஃப்ட்பாங்க் 23 டொலர் வீதம் 2 பில்லியன் போட முன்வந்தது. செப்டெம்பரில் என்விடியா 23.28 டொலர் வீதம் 5 பில்லியன் போடுவதாக அறிவித்தது. போட்டியாளரே பணம் போடும் நிறுவனம் அழிந்துபோகப் போவதில்லை.

களுவாஞ்சிக்குடி ரீச்சர்:

ஒலுவில் தம்பி எழுதிய தொழில்நுட்ப விளக்கம் மிகத் தெளிவாக இருந்தது. அதிலிருந்து அவர் வந்த முடிவோடுதான் நான் உடன்படவில்லை. உயர்தர வகுப்புக்குக் கணக்கீடு கற்பித்தவள் என்பதால் ஐந்தொகையிலிருந்தே தொடங்குகிறேன்.

நிறுவனம் பிழைத்துக்கொள்ளும் என்பதும், அதன் பங்கை வைத்திருப்பவருக்கு நல்ல வருமானம் கிடைக்கும் என்பதும் இரண்டு தனித்தனிக் கூற்றுகள். முதலாவதை நிரூபித்துவிட்டு இரண்டாவதையும் நிரூபித்ததாக நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2000 ஓகஸ்டில் இன்டெல் பங்கு 75 டொலரைத் தொட்டது. 25 ஆண்டுகள் கழிந்து, 2025 மூன்றாம் காலாண்டு அறிக்கை வரும்வரையும் அந்த விலையை அது மீண்டும் காணவில்லை. அந்த 25 ஆண்டுகளில் பெரும்பாலானவற்றில் நிறுவனம் இலாபத்தோடுதான் நடந்தது.

இப்போது எண்களைப் பார்ப்போம். 2021 இல் 79 பில்லியன் டொலராக இருந்த ஆண்டு வருமானம் 2024 இல் 53.1 பில்லியனாகக் குறைந்தது. 2024 இன் தேறிய நட்டம் 18.8 பில்லியன். அந்த நட்டத்தில் கணிசமான பகுதி சொத்துகளின் பெறுமதியைக் குறைத்து எழுதியதால் வந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும், அவ்வளவு பணமும் அந்த ஆண்டே கையைவிட்டுப் போகவில்லை. ஆனால் இதே நேர்மையை 2025 மூன்றாம் காலாண்டுக்கும் காட்ட வேண்டும். அந்தக் காலாண்டில் 4.1 பில்லியன் டொலர் இலாபம் என்று செய்திகள் கொண்டாடின. ஆல்டெரா என்ற துணை நிறுவனத்தின் 51 வீதத்தைச் சில்வர் லேக் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்று முடித்ததும் அதே காலாண்டில்தான். அத்தகைய ஒருமுறை வரவுகளை ஒதுக்கிவிட்டு, சில்லு செய்து விற்றதால் வந்த தொழிற்பாட்டு இலாபத்தை மட்டும் பார்த்தால் அது 1 பில்லியனைக்கூடத் தொடவில்லை. அந்த ஆல்டெராவை 2015 இல் 16.7 பில்லியனுக்கு வாங்கினார்கள். விற்கும்போது முழு நிறுவனத்தையும் 8.75 பில்லியனுக்கே மதித்தார்கள்.

அரசு போட்ட பணத்தைப் பற்றியும் ஒன்று. அரசு சந்தையில் பழைய பங்குகளை வாங்கவில்லை. 43 கோடிக்கு மேற்பட்ட புதிய பங்குகளை நிறுவனம் அதற்காக வெளியிட்டது. ஆகவே உங்கள் தம்பியின் கையில் உள்ள ஒவ்வொரு பங்கும் முன்பைவிடச் சிறிய துண்டையே குறிக்கிறது. அந்த 8.9 பில்லியனின் பெரும்பகுதி 2022 ஆம் ஆண்டுச் சில்லுச் சட்டத்தின் கீழ் ஏற்கெனவே மானியமாக ஒதுக்கப்பட்ட தொகை. இனாமாக வரவிருந்த பணத்துக்கு இப்போது பங்கைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஒலுவில் பொறியியலாளன்:

ரீச்சர், பங்கின் அளவு சிறுத்தது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் சில்லு ஆலையைப் பாதியில் நிறுத்த முடியாது. 2024 இல் மட்டும் இன்டெல் 20 பில்லியனுக்கும் அதிகமாக மூலதனச் செலவு செய்திருக்கிறது. அந்தச் செலவு நின்றால் அடுத்த தலைமுறைச் சில்லு இல்லை. கையில் காசு இல்லாமல், அரசுக்குப் போன ஏறத்தாழ 10 வீதத்தைக் காப்பாற்றுவதைவிட, 10 வீதத்தைக் கொடுத்து மிச்சத்தைக் காப்பாற்றியது சரி என்றே நினைக்கிறேன்.

களுவாஞ்சிக்குடி ரீச்சர்:

காசு ஏன் இல்லாமல் போனது என்பதையும் கேளுங்கள் தம்பி. 2019, 2020 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் தன் பங்கைத் தானே திரும்ப வாங்குவதற்கு இன்டெல் 27 பில்லியன் டொலருக்கு மேல் செலவழித்தது. அப்போதைய விலை பெரும்பாலும் 45 இலிருந்து 65 டொலர் வரை. அந்த விலையில் வாங்கி, 20.47 டொலருக்கு விற்றிருக்கிறார்கள். இந்த முடிவுகளை எடுத்த நிர்வாகம் இன்று இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பணிப்பாளர் சபை என்று ஒன்று அப்போதும் இருந்தது.

சம்மாந்துறை ஆலைக்காரன்:

நான் சில்லுத் தொழில் அறிந்தவன் அல்லன், நெல் ஆலை நடத்துபவன். ஆனால் நீங்கள் இருவரும் இன்னும் தொடாத ஓர் இடம் இருக்கிறது. அது என் தொழிலில் நான் தினமும் காணும் விடயம் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் இரண்டு வகை ஆலைக்காரர்கள் இருக்கிறார்கள். சொந்தமாக நெல் வாங்கிக் குற்றித் தன் பெயர் போட்ட பையில் அரிசி விற்பவர் ஒருவர். பிறருடைய நெல்லைக் கூலிக்குக் குற்றிக் கொடுப்பவர் மற்றவர். சொந்தப் பையில் விற்றுக்கொண்டிருந்தவரின் வியாபாரம் படுத்து, இயந்திரம் அரைநாள் சும்மா நிற்கும் நிலை வந்தால், அவர் கூலிக்கும் குற்றித் தருகிறேன் என்று அறிவிப்பார். இயந்திரம் ஓடினாலும் நின்றாலும் வங்கித் தவணை கட்டத்தான் வேண்டும், ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும் என்பதால் அந்த முடிவில் பிழையில்லை. ஆனால் அவரோடு அதே சந்தையில் போட்டிக்கு அரிசி விற்கும் இன்னொருவர் தன் லொறியை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்துவாரா? நெல்லை இறக்கினால் எந்த இனம், எவ்வளவு ஈரம், எத்தனை மூடை, எந்தக் கிழமையில் சந்தைக்குப் போகப்போகிறது என்பதெல்லாம் போட்டியாளருக்குத் தெரிந்துவிடும். பெரும்போக அறுவடை உச்சத்தில் இரண்டு பேருடைய நெல்லும் ஒரே நாளில் வந்தால் யாருடையது முதலில் குற்றப்படும் என்ற சந்தேகமும் இருக்கும். கூலி எவ்வளவு குறைவாக இருந்தாலும், கூலிக்கு மட்டுமே குற்றும் ஆலைக்குத்தான் அவர் போவார்.

நான் வாசித்தறிந்த அளவில் டி.எஸ்.எம்.சி. 1987 இல் தொடங்கிய நாளிலிருந்தே பிறருக்கு மட்டும் செய்து கொடுக்கும் ஆலை, தன் பெயரில் சில்லு விற்பதில்லை. இன்டெல் முதல் வகை ஆலைக்காரர். ஏ.எம்.டி.யும் என்விடியாவும் குவல்கொமும் அதன் வாசலுக்கு உண்மையாகவே லொறி கொண்டுவருவார்களா என்பதே என் கேள்வி. என்விடியா 5 பில்லியன் போட்டது சரி, ஆனால் தன் முக்கியமான சில்லுகளை இன்டெல் ஆலையில் செய்விக்கப் போவதாக அது சொன்னதா?

ஒலுவில் பொறியியலாளன்:

சொல்லவில்லை. கணினிக்கும் தரவு மையத்துக்கும் இரு நிறுவனங்களும் சேர்ந்து சில்லு வடிவமைக்கும் என்பதுதான் அந்த உடன்படிக்கை. ஆலையைப் பயன்படுத்துவதற்கான வாக்குறுதி அதில் இல்லை. ஆலைக்காரர் அண்ணன் கேட்டது இந்த விவாதத்தின் நடுத்தூணையே தொட்டுவிட்டது. நான் முதலில் எழுதியதை அதற்கேற்பக் கொஞ்சம் இறுக்கிக்கொள்கிறேன்.

இன்டெல்லின் ஆலைப் பிரிவு 2023 இல் 7 பில்லியன் டொலர், 2024 இல் 13 பில்லியனுக்கு மேல் தொழிற்பாட்டு நட்டம் காட்டியது. அதன் வருமானத்தில் ஏறக்குறைய முழுவதும் இன்டெல்லே இன்டெல்லுக்குக் கொடுக்கும் வேலை. வெளி வாடிக்கையாளரிடமிருந்து வருவது மிகச் சொற்பம். 2025 மார்ச்சில் தலைமை நிறைவேற்று அதிகாரியாகப் பொறுப்பேற்ற லிப்-பு டான், வாடிக்கையாளரின் உறுதி இல்லாமல் இனி ஆலைக்குப் பணம் கொட்டப் போவதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். ஜேர்மனி, போலந்துத் திட்டங்கள் கைவிடப்பட்டன, ஒஹாயோ ஆலை பின்தள்ளப்பட்டது. 18ஏ இற்கு அடுத்த 14ஏ முறைக்குப் பெரிய வெளி வாடிக்கையாளர் கிடைக்காவிட்டால் அதை இடைநிறுத்தவோ கைவிடவோ கூடும் என்று 2025 இரண்டாம் காலாண்டு அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே 2035 ஐப் பற்றிய கேள்வி 14ஏ இற்கு யார் வருகிறார்கள் என்ற கேள்வியாகச் சுருங்குகிறது. வருவார்கள் என்றே நான் நம்புகிறேன். முன்னணிச் சில்லுகளில் மிகப் பெரும்பகுதி தாய்வானிலேயே செய்யப்படுகிறது. ஒரே தீவை நம்பியிருப்பது அப்பிளுக்கும் என்விடியாவுக்கும் நித்திரையைக் கெடுக்கும் விடயம். இரண்டாவது ஆலை ஒன்று உயிரோடு இருப்பதற்காக அவர்கள் கொஞ்சம் அதிக விலைகூடக் கொடுக்கலாம்.

களுவாஞ்சிக்குடி ரீச்சர்:

அரசு எடுத்த பங்கோடு சேர்ந்து வந்த நிபந்தனை ஒன்றை இவ்விடத்தில் பார்க்க வேண்டும். ஆலைப் பிரிவில் இன்டெல்லின் உரிமை 51 வீதத்துக்குக் கீழே போனால், மேலும் 5 வீதப் பங்கை 20 டொலர் வீதம் வாங்கும் உரிமை அரசுக்குக் கிடைக்கும். அந்த உரிமை 5 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். ஆலைக்காரர் சொன்ன நம்பிக்கைப் பிரச்சினைக்கு மிக நேரான தீர்வு ஆலையைத் தனி நிறுவனமாகப் பிரிப்பதுதான். அந்தக் கதவுக்கு முன்னால் அரசு ஒரு கல்லை வைத்திருக்கிறது.

மீண்டெழுந்த நிறுவனங்களை உதாரணம் காட்டுவோரும் இதைக் கவனிக்க வேண்டும். 2015 இல் ஏ.எம்.டி. பங்கு 2 டொலருக்கும் கீழே கிடந்தது, லிசா சூவின் தலைமையில் அது எழுந்தது உண்மை. ஆனால் ஏ.எம்.டி. தன் ஆலைகளை 2009 இலேயே பிரித்துவிட்டது. ஆலையின் பாரத்தை இறக்கிவைத்த பிறகுதான் அதனால் ஓட முடிந்தது. இன்டெல் அதே பாரத்தைச் சுமந்துகொண்டு ஓடப் பார்க்கிறது. ஐ.பி.எம். 1993 இல் 8 பில்லியன் டொலர் நட்டத்திலிருந்து, துண்டாடப்படாமலே, மீண்டது. நொக்கியா இன்றும் இருக்கிறது, ஆனால் 2000 ஆம் ஆண்டில் அதன் பங்கை வாங்கியவர் இன்றுவரை மீளவில்லை. எழுந்தவர்களை மட்டும் எண்ணினால் எல்லோரும் எழுவார்கள் என்றுதான் தோன்றும்.

காத்தான்குடி வியாபாரி:

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு வாசிக்கும் முஸ்லிம் சகோதரர்களுக்காக ஒரு விடயத்தைச் சேர்க்கிறேன். மார்க்கப்படி ஒரு பங்கு ஆகுமானதா என்று சோதிக்கும்போது நிறுவனத்தின் வட்டிக் கடன் அதன் சந்தைப் பெறுமதியில் 30 வீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பஹ்ரைனில் உள்ள இஸ்லாமிய நிதிக் கணக்கீட்டு அமைப்பு வகுத்த அளவுகோல். 2024 இறுதியில் இன்டெல்லின் கடன் ஏறத்தாழ 50 பில்லியன், முழு நிறுவனத்தின் சந்தைப் பெறுமதி 87 பில்லியன் அளவில்தான் இருந்தது. அதாவது கடன் 57 வீதம். இப்போது விலை இரட்டித்ததால் அதே கணக்கு 30 இற்குக் கீழே வருகிறது. கடன் பெரிதாக மாறவில்லை, மாறியது விலைதான். விலை மீண்டும் விழுந்தால் அந்த வீதமும் மீண்டும் ஏறும். ஆகவே 10 ஆண்டுக்கு வாங்கி வைக்க எண்ணுபவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு விடாமல், ஒவ்வொரு ஆண்டும் கணக்குப் பார்த்து ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கல்முனை வங்கியாளர்:

இலங்கை ரூபாயைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். 2021 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தபோது 60 டொலருக்கு ஒரு பங்கு வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய செலவு 12,000 ரூபாய். 2024 இறுதியில் பங்கு 20 டொலர், டொலர் 293 ரூபாய் அளவு, ஆகவே கையில் இருப்பது ஏறத்தாழ 5,900 ரூபாய். டொலரில் மூன்றில் இரண்டு பங்கு போயிருக்க, ரூபாயில் பாதிதான் போனதாகத் தெரியும். 2022 இல் எங்கள் நாணயம் சரிந்ததால் வந்த தோற்றம் அது. பங்கின் தகுதியை அளப்பவர்கள் டொலரிலேயே அளக்க வேண்டும்.

இலங்கையில் வதிபவர் வெளிநாட்டுப் பங்கில் முதலிடுவதற்கு 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் கட்டுப்பாடுகள் உண்டு. கல்லடிவாசியின் தம்பி கட்டாரில் உழைத்து அங்கேயே வாங்கியதால் அவருக்கு அந்தச் சிக்கல் எழாது. விற்றாலும் அவசரப்பட்டு ரூபாயாக மாற்றாமல், இங்குள்ள வங்கியில் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கில் டொலராகவே வைத்திருக்கலாம்.

கல்லடிவாசி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு விடயத்தை மட்டும் மீண்டும் கேட்கிறேன் ரீச்சர். நீங்கள் சொன்னவற்றைத் தொகுத்துப் பார்த்தால் முழுவதையும் விற்றுவிடச் சொல்கிறீர்கள் போல் இருக்கிறது. அப்படித்தானா?

களுவாஞ்சிக்குடி ரீச்சர்:

இல்லை. பிள்ளையின் படிப்புக்கென்று ஒதுக்கிய பணம் ஒரே நிறுவனத்தின் ஒரே கேள்வியில் தங்கியிருக்கக் கூடாது என்பதுதான் என் நிலைப்பாடு. விலை இரட்டித்திருப்பதால் பாதியை விற்றால் போட்ட முதல் திரும்பிவிடும். அந்தப் பாதியை நூற்றுக்கணக்கான நிறுவனங்களைக் கொண்ட சுட்டெண் நிதி ஒன்றில் போடட்டும். மிச்சத்தை, ஒலுவில் தம்பி சொன்னதில் நியாயம் இருப்பதால், வைத்திருக்கலாம்.

ஆனால் விலையைப் பார்த்து வைத்திருக்கக் கூடாது. காலாண்டு அறிக்கையில் ஆலைப் பிரிவுக்கென்று தனி அட்டவணை ஒன்று வரும். அதன் தொழிற்பாட்டு நட்டம் 2025 இரண்டாம் காலாண்டில் 3.2 பில்லியன், மூன்றாம் காலாண்டில் 2.3 பில்லியன். இது தொடர்ந்து குறைகிறதா என்று பாருங்கள். பெயர் சொல்லக்கூடிய ஒரு வெளி வாடிக்கையாளர் 14ஏ இற்குப் பேரளவு வேலை கொடுத்ததாக 2026 முடிவதற்குள் அறிவிப்பு வராவிட்டால், அன்று விலை எவ்வளவு உயர்ந்திருந்தாலும் நான் விற்றுவிடுவேன்.

ஒலுவில் பொறியியலாளன்:

2026 இறுதி என்ற எல்லை கொஞ்சம் இறுக்கமானது ரீச்சர். ஒரு வாடிக்கையாளர் தன் சில்லை ஒரு தயாரிப்பு முறைக்கு ஏற்ப வடிவமைத்து, மாதிரி செய்து, சோதித்து முடிக்க இரண்டு ஆண்டுக்கு மேலும் ஆகலாம். 2027 நடுப்பகுதி வரை அவகாசம் கொடுப்பேன். அதற்கு மேல் நானும் காத்திருக்க மாட்டேன்.

சம்மாந்துறை ஆலைக்காரன்:

அறிவிப்பு வந்தாலும் முற்பணம் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். வருகிறேன் என்று வாயால் சொன்னவரை நம்பி நான் ஆலையில் இடம் ஒதுக்குவதில்லை.

கல்லடிவாசி:

தம்பியோடு பேசிவிட்டேன். பாதியை இந்தக் கிழமை விற்கிறான். மற்றப் பாதிக்கு ஒலுவில் தம்பியின் 2027 நடுப்பகுதியையே எல்லையாக எடுத்துக்கொண்டோம், ஆலைக்காரர் சொன்ன முற்பண நிபந்தனையையும் சேர்த்திருக்கிறோம். நான்காம் காலாண்டு அறிக்கை ஜனவரியில் வந்ததும் ஆலைப் பிரிவின் நட்டத் தொகையை இங்கே பதிகிறேன்.